சுட்டவனா, சுடச் சொன்னவரா, சும்மா இருந்தவரா? போர்க்குற்றப் பொறுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசகர் வட்டங்களிலும் சட்ட மாணவர் கூட்டங்களிலும் போர்க்குற்றம் என்று பேச்சை எடுத்தால் போதும், ஊர் மாறினாலும் ஆள் மாறினாலும் அதே சந்தேகங்கள்தாம் திரும்பத் திரும்ப எழுகின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பதில்களில் ஸ்ரெப்ரெனிட்சா என்ற பெயர் அடிக்கடி வரும். 1995 ஜூலையில் போஸ்னியாவின் அந்தச் சிறு நகரம் போஸ்னிய செர்பியப் படையின் கையில் விழுந்தது. அடுத்த சில நாட்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி பிடித்த சிப்பாய், படையை நடத்திய தளபதி, மேலே இருந்த அரசியல் தலைவர் என எல்லாப் படிகளிலும் ஆட்கள் கூண்டில் ஏறிய குற்றங்கள் உலகத்தில் குறைவு. அதனால்தான் அதையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன்.

போர் என்றால் சாவு இருக்கத்தானே செய்யும்? அதில் குற்றம் எங்கிருந்து வந்தது?

எதிரிச் சிப்பாயைச் சண்டையில் சுட்டுக் கொல்வது குற்றமில்லை. கேட்க வேதனையாக இருந்தாலும் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆயுதத்தைக் கீழே போட்டுக் கையைத் தூக்கியவனையோ காயம்பட்டுக் கிடப்பவனையோ கைதியையோ சண்டையில் சேராத ஊர்மக்களையோ குறிவைத்தால் அது குற்றம். ஆஸ்பத்திரியைத் தாக்குவது, பட்டினி போடுவதை ஆயுதமாக்குவது, பாலியல் வன்முறை, பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகளைப் படையில் சேர்ப்பது ஆகியவையும் அப்படித்தான். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளை உலக நாடுகள் எல்லாமே ஏற்றிருக்கின்றன. எங்களுக்கு அந்தச் சட்டம் தெரியாது என்று எந்தப் படையும் தப்பித்துக்கொள்ள முடியாது.

போர் செய்தது நாடு. தனி ஆளை ஏன் கூண்டில் ஏற்ற வேண்டும்?

1945 நவம்பர் 20 அன்று நியூரம்பர்க்கில் விசாரணை தொடங்கியபோது நாஜித் தலைவர்களின் வக்கீல்கள் கேட்டதும் இதையேதான். சர்வதேசச் சட்டம் நாடுகளுக்கானது, மனிதர்களுக்கானது அல்ல என்றார்கள். குற்றங்களை உருவமற்ற அமைப்புகள் செய்வதில்லை, மனிதர்கள்தாம் செய்கிறார்கள், அந்த மனிதர்களைத் தண்டிக்காமல் சட்டத்தைக் காப்பாற்ற முடியாது என்று நீதிபதிகள் பதில் சொன்னார்கள். இன்றுவரை இந்தத் துறையின் அஸ்திவாரம் அந்த வரிதான்.

தீர்ப்பு 22 பேர் மீது வந்தது. 12 பேருக்கு மரணம், 7 பேருக்குச் சிறை, 3 பேர் விடுதலை. அந்த மூன்று விடுதலைகளை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று தனித்தனியாகப் பார்த்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. ‘ஜெர்மானியர்கள் கொன்றார்கள்’ என்று மொத்தமாகச் சொன்னால் ஒரு இனமே குற்றவாளியாகிவிடும், உண்மையில் செய்தவர் கூட்டத்தில் ஒளிந்துகொள்வார்.

மேலதிகாரி சொன்னதைச் சிப்பாய் செய்தான். கீழ்ப்படிவதுதானே அவன் வேலை?

சட்டபூர்வமான உத்தரவுக்குக் கீழ்ப்படிவது அவன் வேலை. பார்த்தவுடனே குற்றம் என்று எவருக்கும் தெரியக்கூடிய உத்தரவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இதை முதலில் சொன்னது வென்றவர்களின் நீதிமன்றம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1921இலேயே ஜெர்மனியின் லைப்சிக் நீதிமன்றம் தன் சொந்த அதிகாரிகள் இருவருக்கு எதிராக இதைச் சொல்லியிருக்கிறது. 1918இல் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி, லாண்டோவரி காசில் என்ற மருத்துவக் கப்பலை மூழ்கடித்தது. அதோடு நிற்காமல், படகுகளில் தத்தளித்தவர்களையும் சுட்டது. நீர்மூழ்கியின் தளபதி தலைமறைவானார். துணை அதிகாரிகள் இருவருக்கு நான்காண்டுச் சிறை. நிராயுதபாணிகளைப் படகில் வைத்துச் சுடுவது தவறு என்று தெரிந்துகொள்ளச் சட்டப் படிப்பு தேவையில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். இருவரும் பிறகு சிறையிலிருந்து தப்பிவிட்டார்கள் என்பது வேறு கதை.

இன்றைய சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அடிப்படையான ரோம் சாசனத்தின் 33ஆம் பிரிவும் இதே வழியில்தான் போகிறது. இனப்படுகொலைக்கோ மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்கோ இடப்படும் உத்தரவு எப்போதுமே வெளிப்படையாகச் சட்டவிரோதமானது என்று அது ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறது.

1968 மார்ச் 16, வியட்நாமின் மி லாய். அமெரிக்கச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கான கிராமத்தாரைக் கொன்றுகொண்டிருந்தபோது, ஹியூ தாம்ப்சன் என்ற இளம் ஹெலிகாப்டர் ஓட்டி, தப்பியோடும் மக்களுக்கும் துரத்தும் சிப்பாய்களுக்கும் நடுவில் தன் வண்டியை இறக்கினார். நம் ஆட்கள் இவர்களைச் சுட்டால் நீங்கள் நம் ஆட்களைச் சுடுங்கள் என்று தன் துணைவர்களிடம் சொல்லிவிட்டு, பதுங்குகுழியில் இருந்தவர்களை வெளியே அழைத்து வந்து ஏற்றி அனுப்பினார். அவரும் அதே படையின் சிப்பாய்தான். அன்று சுட்டவர்களில் லெப்டினன்ட் வில்லியம் கேலி ஒருவர் மட்டுமே தண்டிக்கப்பட்டார். 22 பேரைக் கொன்றதற்கு ஆயுள் தண்டனை. அதில் பெரும்பகுதியை அவர் வீட்டுக்காவலில்தான் கழித்தார், அதுவும் சில ஆண்டுகளே. அவருடைய கேப்டன் விடுதலையானார்.

மறுத்தால் அவனையே சுட்டுவிடுவார்களே? அவன் என்ன செய்வான்?

இந்தத் துறையிலேயே கடினமான கேள்வி இது. எளிய பதில் வைத்திருப்பதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

ட்ராஜன் எர்தெமோவிச்சுக்கு அப்போது 23 வயது. போஸ்னியக் குரோவாசியர். மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். பிழைப்புக்காக போஸ்னிய செர்பியப் படையின் ஒரு பிரிவில் சேர்ந்திருந்தார். 1995 ஜூலை 16 அன்று அவரையும் வேறு சிலரையும் பிராஞ்ஜெவோ என்ற ராணுவப் பண்ணைக்கு அனுப்பினார்கள். என்ன வேலை என்று போன பிறகுதான் தெரிந்தது. ஸ்ரெப்ரெனிட்சா ஆண்களை ஏற்றிய பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பத்துப் பத்துப் பேராக இறக்கி, வயலில் முதுகைக் காட்டி நிறுத்திச் சுட்டார்கள். அவர் மறுத்தார். அவர்கள் மேல் பரிதாபமாக இருந்தால் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு நீயும் போய் வரிசையில் நில் என்றார்கள். சுட்டார். அன்று அங்கே இறந்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். தன் கையால் எழுபது பேர்வரை இருக்கலாம் என்று அவரே சொன்னார்.

அவர்மீது குற்றம் சாட்ட அப்போது எவரிடமும் சான்று இல்லை. தானாகப் பேசினார், தானாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1996இல் பத்தாண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் நீதிபதிகள் மூவருக்கு இருவராகப் பிரிந்தார்கள். உயிருக்குப் பயந்து செய்தாலும் குற்றமற்றவர்களைக் கொல்வதற்கு அது முழு மன்னிப்பாகாது, தண்டனையைக் குறைக்க மட்டும் உதவும் என்றது பெரும்பான்மை. தான் செத்திருந்தாலும் அந்த 1,200 பேரில் ஒருவரும் பிழைத்திருக்கப்போவதில்லை என்ற நிலையில் இப்படி எதிர்பார்க்க முடியுமா என்று கேட்டார் நீதிபதி அன்டோனியோ கசேசே. கடைசியில் 1998இல் ஐந்தாண்டு என்று முடிந்தது. பிற்பாடு வந்த ரோம் சாசனம், மிகக் கடுமையான நிபந்தனைகளோடு, உயிர்ப்பயத்தை ஒரு வாதமாக ஏற்கக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. எனக்கும் கசேசே பக்கம்தான் சாய்வு.

இன்னொரு தகவல். அதே நாள் பிற்பகல், பக்கத்து ஊரான பிலிட்சாவின் கலாசார மண்டபத்தில் இன்னும் ஐந்நூறு பேர் இருக்கிறார்கள், வந்து முடியுங்கள் என்று அழைத்தார்கள். எர்தெமோவிச் முடியாது என்றார். கூட இருந்த சிலரும் சேர்ந்து மறுத்தார்கள். யாரும் அவர்களைச் சுடவில்லை. வேறு ஆட்கள் போய் அந்த ஐந்நூறு பேரையும் கொன்றார்கள்.

தலைவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை. அவர் எப்படிக் கொலைகாரர் ஆவார்?

உத்தரவிடுவது, திட்டமிடுவது, தூண்டுவது, தெரிந்தே உதவுவது, பொதுத் திட்டத்தில் பங்காளியாக இருப்பது ஆகிய ஒவ்வொன்றும் சட்டத்தில் தனித்தனிப் பொறுப்பு. நம் ஊர்க் கொலை வழக்குகளில் கூலிப்படையை ஏவியவரும் உள்ளே போகிறாரே, அதே தர்க்கம்தான்.

ஸ்ரெப்ரெனிட்சாவில் போஸ்னிய செர்பியப் படைத் தளபதி ஜெனரல் ராட்கோ மிலாடிச் கேமரா முன்னால் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்து, யாரும் பயப்பட வேண்டாம் என்று சொன்ன காட்சி இன்னும் இருக்கிறது. மறுநாள் தொடங்கிப் பெருங்கொலைகள் நடந்தன. 2017இல் அவருக்கு ஆயுள் தண்டனை, 2021இல் அது உறுதியானது. அவருக்கு மேலே இருந்த அரசியல் தலைவர் ராடோவான் கராஜிச் பல ஆண்டுகள் தாடி வளர்த்து, வேறு பெயரில் மாற்று மருத்துவராக பெல்கிரேடில் உலவினார். 2008இல் பிடிபட்டார். 2016இல் 40 ஆண்டு, 2019 மேல்முறையீட்டில் ஆயுள். சியரா லியோன் கிளர்ச்சிப்படைக்கு ஆயுதமும் ஆதரவும் கொடுத்த பக்கத்து நாட்டு ஜனாதிபதி, லைபீரியாவின் சார்ல்ஸ் டெய்லர், தெரிந்தே உதவியதற்கும் திட்டமிட்டதற்குமாக 50 ஆண்டு பெற்றார்.

‘எனக்குத் தெரியவே தெரியாது’ என்று தளபதி சொல்லிவிட்டால்?

அப்போது மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். குற்றம் செய்தவர்கள் உண்மையிலேயே அவர் கட்டுப்பாட்டில் இருந்தார்களா? அவருக்குத் தெரிந்ததா, அல்லது தெரிந்திருக்கவேண்டிய அளவுக்குத் தகவல் கையில் இருந்ததா? தடுக்கவோ தண்டிக்கவோ தன்னால் ஆனதைச் செய்யாமல் விட்டாரா? மூன்றுக்கும் ஆம் என்றால், அவர் உத்தரவே போடாவிட்டாலும் பொறுப்பாளி. மறைந்திருப்பவரைப் பிடிக்க வகுத்த விதி இது. ராணுவத் தளபதிக்கு மட்டுமின்றி அமைச்சர் போன்ற சிவில் மேலதிகாரிக்கும் பொருந்தும்.

விதி பிறந்த விதம் அவ்வளவு அழகில்லை. 1945இல் மணிலாவில் நடந்த படுகொலைகளுக்காக ஜப்பானிய ஜெனரல் யமாஷிடா தூக்கிலிடப்பட்டார். தன் படைகளோடு தொடர்பே அறுந்துபோயிருந்தது என்ற அவருடைய வாதம் எடுபடவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் கடுமையாக மறுப்பு எழுதினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பிற்கால நீதிமன்றங்கள் விதியை இறுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 1998இல், போஸ்னியாவின் செலெபிச்சி கைதிகள் முகாம் வழக்கில் முகாம் தலைவர் தண்டிக்கப்பட்டார். அந்த வட்டாரத்தில் செல்வாக்காக இருந்த இன்னொருவர், கட்டளையிடும் அதிகாரம் அவரிடம் இருந்ததாக நிரூபிக்கப்படாததால் விடுதலையானார்.

2018இல் காங்கோவின் ஆயுத இயக்கத் தலைவர் ஜான்-பியேர் பெம்பாவின் 18 ஆண்டுத் தண்டனையை மேல்முறையீட்டு நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் ரத்து செய்தார்கள். படை வேறு நாட்டில் இருந்தது, தூரத்திலிருந்த தளபதியால் என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்பதைக் கீழ்நீதிமன்றம் சரியாக எடைபோடவில்லை என்பது முக்கியக் காரணம். அந்தத் தீர்ப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை. செல்பேசிக் காலத்தில் தூரத்தை ஒரு சாக்காக்கிவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

எழுத்தில் உத்தரவே இல்லாதபோது எதை வைத்து நிரூபிப்பார்கள்?

எந்தத் தளபதியும் ‘கொல்லவும்’ என்று கையெழுத்துப் போட்டு வைப்பதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களைக் கொல்ல பஸ் வேண்டும், டீசல் வேண்டும், குழிதோண்டும் இயந்திரம் வேண்டும். அவற்றுக்குக் கணக்கு எழுதியே ஆக வேண்டும். மேலே சொன்ன பிலிட்சா வேலைக்காக 500 லிட்டர் டீசல் கேட்ட உரையாடல் ஒட்டுக்கேட்பில் சிக்கியது. டீசல் வராவிட்டால் வேலை நின்றுவிடும் என்று அதில் ஒரு மிரட்டல் வேறு. ஜூலை 15 அன்று போஸ்னிய செர்பியப் படையின் ஒரு கர்னல், அதே படையின் ஜெனரல் கிர்ஸ்டிச்சிடம் இன்னும் 3,500 ‘பொட்டலங்கள்’ கையில் இருக்கின்றன, என்ன செய்வதென்று தெரியவில்லை என்று தொலைபேசியில் புலம்பியதும் பதிவானது. பொட்டலம் என்றால் கைதி. கிர்ஸ்டிச்சுக்குக் கடைசியில் 35 ஆண்டு.

கொலைகாரர்கள் பிறகு பயந்துபோய், சில மாதங்களில் குழிகளைத் தோண்டி உடல்களைத் தொலைவில் கொண்டுபோய் மறுபடி புதைத்தார்கள். இயந்திரம் அள்ளியதில் ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு மூன்று குழிகளில் கிடந்தன. முதல் குழியின் மண்ணும் தோட்டா உறைகளும் இரண்டாம் குழிக்கு ஒட்டிக்கொண்டு வந்து இரண்டையும் இணைத்துக் காட்டின. சில மணிக்கட்டுகளில் தானாகச் சாவி ஏறும் செய்கோ கடிகாரங்கள் இருந்தன. கை அசையும்வரை ஓடும், அசைவு நின்றால் ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும் வகை. கிழமையும் தேதியும் காட்டும். நின்ற தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, கொலை நடந்த நாட்களோடு பொருந்துவதைப் புலனாய்வாளர்கள் நீதிமன்றத்தில் காட்டினார்கள்.

பதவியில் இருக்கும் ஜனாதிபதியைக் கைது செய்ய முடியுமா?

எந்த நீதிமன்றம் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. இன்னொரு நாட்டின் சாதாரண நீதிமன்றம் என்றால், பதவியில் இருக்கும்வரை அவருக்குப் பாதுகாப்பு உண்டு. பதவி போன பிறகு எல்லாச் செயலுக்கும் அந்தப் பாதுகாப்பு நீளாது. சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே 1998இல் லண்டனில் கைதானபோது அதைத் தெரிந்துகொண்டார். கடைசியில் உடல்நிலையைக் காரணம் காட்டி அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

சர்வதேச நீதிமன்றங்களில் பதவி கேடயமாகாது. யூகோஸ்லாவிய ஜனாதிபதி மிலோசெவிச் பதவியில் இருந்தபோதே 1999 மே மாதம் குற்றம் சாட்டப்பட்டார். 2001இல் ஹேக் நகருக்கு அனுப்பப்பட்டு, தீர்ப்பு வருவதற்குள் 2006இல் சிறை அறையில் இறந்தார். ரஷ்ய ஜனாதிபதி புடினுக்கு 2023 மார்ச்சிலும் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்கு 2024 நவம்பரிலும் பிடியாணை வந்திருக்கிறது. ஆனால் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போலீஸ் கிடையாது. உறுப்பு நாடான மங்கோலியாவுக்கு 2024 செப்டம்பரில் புடின் போனார், வரவேற்பு வாங்கினார், திரும்பினார். மறுபக்கம், பிலிப்பைன்ஸின் முன்னாள் ஜனாதிபதி டுட்டெர்டே 2025 மார்ச்சில் மணிலா விமான நிலையத்தில் இறங்கிய கையோடு பிடிபட்டு அன்றே ஹேக் புறப்பட்டார். உள்ளூர் அரசியல் மாறினால்தான் இந்தப் பிடியாணைகளுக்கு உயிர் வருகிறது.

ஹேக்கில் இருப்பது எல்லாம் ஒரே கோர்ட்டுதானே?

இல்லை. சர்வதேச நீதிமன்றம் நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்கும், யாரையும் சிறையில் போடாது. ஸ்ரெப்ரெனிட்சா இனப்படுகொலையைத் தடுக்கத் தவறியதற்காக 2007இல் செர்பிய நாட்டைக் குற்றம் சொன்னது அதுதான். மிலாடிச்சைத் தண்டித்தது முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கென ஐ.நா. அமைத்த தனி நீதிமன்றம். 161 பேர் மீது குற்றம் சாட்டிவிட்டு 2017இல் மூடப்பட்டது, மிச்சமிருந்த மேல்முறையீடுகளை ஐ.நா.வின் பின்தொடர் அமைப்பு முடித்தது. புடினைத் தேடுவது 2002இல் நடைமுறைக்கு வந்த நிரந்தரக் குற்றவியல் நீதிமன்றம்.

தோற்றவனுக்கு மட்டும்தானே இந்த நீதியெல்லாம்?

இந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் நியாயம். போருக்குப் பின் ஜப்பானியத் தலைவர்கள் மீது நடந்த டோக்கியோ விசாரணையின் 11 நீதிபதிகளில் ஒருவரான நம் இந்தியாவின் ராதாபினோத் பால், குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்று தனித்தீர்ப்பு எழுதினார். வென்றவர்கள் பின்னால் உருவாக்கிய சட்டத்தை முன்னால் நடந்ததற்குப் பொருத்துகிறார்கள் என்றார், அணுகுண்டையும் சுட்டிக்காட்டினார். அவர் பெயரை எடுப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். ஜப்பானியப் படை செய்த அட்டூழியங்கள் நடக்கவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. 1999இல் நேட்டோ யூகோஸ்லாவியாவின் மீது குண்டு போட்டதைப் பற்றி முழு விசாரணை தொடங்கத் தேவையில்லை என்று அதே யூகோஸ்லாவிய நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் முடிவு செய்ததும் பலருக்குக் கசந்தது.

ஆனால் ‘நீயும்தானே செய்தாய்’ என்பது குற்றத்தை அழிக்காது. நியூரம்பர்க்கில் அட்மிரல் டோனிட்ஸுக்காக அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ், பசிபிக் கடலில் நாங்களும் எச்சரிக்கையின்றி நீர்மூழ்கித் தாக்குதல் நடத்தினோம் என்று எழுதிக்கொடுத்தார். அந்தக் குறிப்பிட்ட விதிமீறலைத் தண்டனைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள், வேறு குற்றங்களுக்காகப் பத்தாண்டு கொடுத்தார்கள். செலெபிச்சியில் தண்டிக்கப்பட்டவர்கள் செர்பியக் கைதிகளைக் கொடுமைப்படுத்திய எதிர்த்தரப்பினர். வல்லரசுகள் தப்பிக்கின்றன என்பதை வைத்து மற்றவர்களையும் விட்டுவிடு என்று வாதாடுகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: உங்கள் வாதத்தால் பிழைக்கப்போவது யார்?

ராணுவத்துக்கு மட்டுமா, ஆயுத இயக்கங்களுக்கும் உண்டா?

இயக்கங்களுக்கும் உண்டு. சியரா லியோன் கிளர்ச்சித் தலைவர் இஸ்ஸா செசேவுக்கு 52 ஆண்டு. இலங்கை பற்றிய 2015 ஐ.நா. விசாரணை அறிக்கை ராணுவத்தின் செயல்களோடு, சிறுவர்களைப் படையில் சேர்த்தது, வெளியேற முயன்ற மக்களைத் தடுத்தது என விடுதலைப் புலிகளின் செயல்களையும் பட்டியலிட்டது. நம்மவர் பெயர் வரும்போது மட்டும் பலருக்குச் சட்டம் மறந்துவிடுகிறது.

இலங்கையில் ஒரு சிப்பாயாவது தண்டிக்கப்பட்டிருக்கிறாரா?

விரல்விட்டு எண்ணக்கூடிய வழக்குகளில். 1996இல் யாழ்ப்பாணத்தில் சோதனைச்சாவடியில் பிடிக்கப்பட்ட பள்ளி மாணவி கிருஷாந்தியும், தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். 1998இல் ராணுவத்தினருக்குக் கொழும்பில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை பெற்ற ஒருவர் நீதிமன்றத்திலேயே, செம்மணியில் இன்னும் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைந்திருக்கின்றன என்றார். 1999இல் தோண்டியதில் 15 உடல்கள் கிடைத்தன. 2025இல் செம்மணியில் மீண்டும் தோண்டியபோது, சிறுபிள்ளைகளுடையவை உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. சொன்னவர் சிறையில், சொல்லப்பட்ட இடத்தில் கால் நூற்றாண்டு அமைதி. உத்தரவிட்டவர் யார் என்ற கேள்வி மேலே ஏறவே இல்லை.

இரண்டாவது, யாழ்ப்பாணத்தின் மிருசுவில். 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்த எட்டுத் தமிழர்கள் தங்கள் வீடுகளைப் பார்க்கப் போனபோது கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களோடு போன இன்னொருவர் பிழைத்து ஓடி வந்ததால்தான் விஷயம் வெளியே தெரிந்தது. சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015இல் மரண தண்டனை. 2019இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் அதை உறுதி செய்தார்கள். 2020 மார்ச் 26 அன்று, ஊரடங்கில் நாடே அடைபட்டிருந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். பல ஆண்டு வழக்கு ஒரு கையெழுத்தில் முடிந்தது.

அப்படியென்றால் இலங்கையை ஏன் ஹேக் கொண்டுபோக முடியவில்லை?

இலங்கை ரோம் சாசனத்தில் சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை, 1998 வாக்கெடுப்பில் விலகி நின்றது. உறுப்பில்லாத நாட்டு விவகாரத்தை ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பலாம், சூடானின் தார்பூரையும் லிபியாவையும் அப்படித்தான் அனுப்பியது. சிரியாவுக்கு முயன்றபோது 2014இல் ரஷ்யாவும் சீனாவும் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தின.

மிச்சமிருக்கும் வழி, இன்னொரு நாட்டின் நீதிமன்றம். சித்திரவதை, போர்க்குற்றம் போன்றவற்றை எங்கே நடந்தாலும் விசாரிக்கலாம் என்று சில நாடுகள் சட்டம் வைத்திருக்கின்றன. டமாஸ்கஸ் சிறை ஒன்றில் விசாரணைப் பிரிவை நடத்திய சிரியக் கர்னல் அன்வர் ரஸ்லான் ஜெர்மனியில் தஞ்சம் புகுந்தார். அங்கே அகதியாக வந்திருந்த சிரிய வக்கீல் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டார். 2022 ஜனவரியில் கோப்லென்ஸ் நீதிமன்றம் ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இலங்கை குறித்த சான்றுகளைச் சேகரித்துப் பாதுகாக்க 2021இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 46/1 தீர்மானத்தின் மூலம் ஒரு பிரிவை அமைத்ததற்கும் இப்படியொரு வழக்கு என்றாவது வரலாம் என்பதே காரணம்.

வெளிநாடுகள் பயணத் தடை போட்டால் குற்றம் நிரூபணமானதாகத்தானே பொருள்?

இல்லை. 2025 மார்ச்சில் பிரிட்டன் முன்னாள் இலங்கைத் தளபதிகள் மூவர் மீதும் விடுதலைப் புலிகளின் முன்னாள் தளபதி கருணா மீதும் தடை விதித்தது. அது அரசாங்க முடிவு. சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு எதுவும் அதில் இல்லை. அழுத்தம் என்ற அளவில் பயன் உண்டு, நீதி என்று கொண்டாட அதில் ஒன்றுமில்லை.

சிறுவனாகக் கடத்தப்பட்டவன் வளர்ந்து தளபதியாகிக் கொன்றால் அவன் குற்றவாளியா, பலியா?

இரண்டும்தான். உகாண்டாவின் டொமினிக் ஓங்வென் பள்ளிக்குப் போகும் வழியில் கிளர்ச்சிப்படையால் கடத்தப்பட்ட சிறுவன். பிறகு அதே படையில் தளபதியாகி, ஊர்களைத் தாக்கினார், சிறுமிகளை அடிமைகளாக வைத்தார். பதினெட்டு வயதுக்குப் பிந்தைய செயல்களுக்கு மட்டுமே குற்றவியல் நீதிமன்றம் விசாரிக்கும். 2021இல் அவருக்கு 25 ஆண்டு. கடத்தப்பட்ட பின்னணியை நீதிபதிகள் தண்டனையைக் குறைக்க எடுத்துக்கொண்டார்கள், குற்றத்தை நீக்க எடுத்துக்கொள்ளவில்லை. எர்தெமோவிச் வழக்கில் பார்த்த அதே வேறுபாடு.

விடுதலை செய்துவிட்டால், அந்தக் குற்றமே நடக்கவில்லை என்றுதானே ஆகிறது?

இல்லை. இந்த ஆள் பொறுப்பு என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகவில்லை என்று ஆகிறது. பெம்பா விடுதலையானார். அவருடைய ஆட்கள் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் செய்த கொலைகளும் பாலியல் வன்முறைகளும் நடந்தவைதாம். விடுதலைத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதுவுமே நடக்கவில்லை என்று மேடையில் பேசும் அரசியல்வாதிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

என் செல்பேசியில் ஒரு வீடியோ இருக்கிறது. சாட்சியாகப் பயன்படுமா?

பயன்படலாம். அசல் கோப்பை அப்படியே வைத்திருங்கள். வெட்டவோ, எழுத்துச் சேர்க்கவோ, வெளிச்சம் கூட்டவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கும், எந்தக் கருவியில் எப்போது எடுத்தது என்ற உள்விவரங்களும் போய்விடும். ஒரு பிரதியை வேறு கருவியில் சேமித்துவிட்டு, யார் எடுத்தது, யாரிடமிருந்து எப்போது கிடைத்தது என்று தனித்தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். வேறொருவர் எடுத்தது என்றால் அவர் சம்மதமும் பாதுகாப்பும் முக்கியம், சமூக ஊடகத்தில் முகத்தோடு போடாதீர்கள்.

சாட்சிகளை நீங்களே உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். ஒரே ஆள் நாலு பேரிடம் நாலு விதமாகச் சொல்லிவிட்டால், குறுக்கு விசாரணையில் எதிர்வக்கீல் முதலில் எடுப்பது அதைத்தான். பெயர், எங்கே இருக்கிறார், எதைப் பார்த்தார் என்ற அளவோடு குறித்து, மனித உரிமை வழக்குகளில் பழகிய வக்கீலிடமோ மேலே சொன்ன ஐ.நா. பிரிவிடமோ ஒப்படையுங்கள்.